தர்மலிங்கம் வெட்டாமல் விட்ட புல்தரை

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. காலையில் பசியாறிவிட்டுக் கைப்பேசியைத் திறந்தேன். எங்கள் தேயிலை எஸ்டேட்டின் பழைய ஆட்கள் சேர்ந்திருக்கும் குழுவில் ஒரு படம் கிடந்தது. ஓரத்தில் எரியும் விளக்கு, நடுவில் தர்மலிங்கம் சார். ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் பூக்கள் நிறைந்த ஒரு மலைச்சரிவை ஒட்டியிருந்தார்கள். இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கண்ணைப் பறிக்கும் பூக்கள். ‘மலர்களை நேசித்த எங்கள் சின்ன துரை’ என்று கீழே எழுதியிருந்தது. அவர் இறந்துவிட்டார் என்பது உறைப்பதற்கு முன்பே அந்தப் பூக்கள் எனக்கு உறைத்துவிட்டன. அவை அவருடைய பூக்கள் அல்ல. அந்தச் சரிவிலிருந்து அவரை வெளியே அனுப்பியபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அந்தப் படத்துக்குக் கீழே அழகாக எழுதிவிட்டீர்கள். பண்பாளர் என்றீர்கள், இயற்கையின் காவலர் என்றீர்கள். நான் அந்த எஸ்டேட் ஆபீஸில் பெரிய கிராணியாக, தலைமை எழுத்தராக இருந்தவன். அவருடைய மேசைக்கு எதிர்மேசை என்னுடையது. நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். உங்களில் பலருக்கும் தெரியும்.

தர்மலிங்கம் பிறந்தது கீழ் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில். அப்பா கொழுந்து லோரி ஓட்டினார். அம்மா காளியம்மாள் பங்களாத் தோட்டத்தில் வேலை செய்தார். மகன் படித்தார், கீழ்நாட்டில் விவசாயம் படித்துவிட்டு அதே எஸ்டேட்டுக்கு உதவி மேனேஜராகத் திரும்பி வந்தார். சின்ன துரை என்ற பட்டம் அப்போது வந்தது. பிறகு மேனேஜர் ஓய்வுபெற்றுப் போக, அடுத்த ஆள் வரும்வரை பொறுப்பை இவரிடம் கொடுத்தார்கள். குன்றின் மேலிருந்த பெரிய பங்களாவும் பொறுப்போடு சேர்ந்து வந்தது. லயத்தில் பிறந்த ஒருவர் அந்தப் பங்களாவில் படுத்து எழுந்தது அதுதான் முதல் முறை.

அவர் குடிபோன நாளில் கோயிலில் விசேஷ பூஜை நடந்தது. பால் காய்ச்சுவதற்கு லயமே குன்றேறி வந்தது. கோயில் தலைவர் மாணிக்கம் அரிசி மூட்டையைத் தன் தோளில் சுமந்து சமையலறை வரைக்கும் கொண்டுபோய் இறக்கினார். இறக்கிவிட்டு மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த நாளைப் பற்றி எனக்கு எந்தக் கசப்பும் இல்லை. அது உண்மையான சந்தோஷம்.

பங்களாவுக்கு முன்னால் சரிந்து இறங்கியது அந்தப் புல்தரை. துரைமார்கள் நாற்காலி போட்டுத் தேநீர் குடித்த இடம். பச்சைக் கம்பளி விரித்தது மாதிரி இருக்கும், வேறு ஓர் இலையைக் காட்ட முடியாது. அதை அப்படி வைத்திருக்க வாரந்தோறும் மெஷின் ஓடும். மாதம் ஒருமுறை பெண்கள் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு வந்து மருந்து அடிப்பார்கள். மருந்துக்கும் சாகாத செடிகளை மண்டி போட்டுக் கையால் பிடுங்குவதற்குத் தனி ஆட்கள் உண்டு. காளியம்மாள் அந்தத் தனி ஆட்களில் ஒருவர். லயத்துப் பிள்ளைகள் அந்தப் புல்லில் கால் வைத்ததில்லை. கேட்டுக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

குடிவந்த சில நாட்களிலேயே அவர் மெஷினை நிறுத்திவிட்டார். மருந்தையும் நிறுத்திவிட்டார். முதலில் மெஷின் பழுது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். புல் கணுக்கால் வரைக்கும் வந்த பிறகு ஆபீஸில் நான் அவரிடம் கேட்டேன். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே பதில் சொன்னார்.

“எங்கம்மா அந்தப் புல்லுல மண்டி போட்டுக் களை புடுங்குனவங்க கிராணி. அப்படி என்ன செடியத்தான் புடுங்கிப் போட்டாங்கன்னு எனக்குப் பார்க்கணும். அது வளர்ந்தா எப்படி இருக்கும்னு இங்க யாருமே பார்த்ததில்ல.”

வெட்டாமல் விட்டால் தானாகப் பூத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் மலையைத் தெரியாது. இங்கே வெயில் காலம் வந்து எதையும் நிறுத்தி வைப்பதில்லை, மழையும் மூடுபனியும் எல்லாவற்றையும் வளர்த்துக்கொண்டே இருக்கும். முதலில் வந்தது லாலாங் புல். ஆளைக் கிழிக்கிற கூர்மை, வேர் போகிற ஆழத்துக்கு முடிவில்லை. அவர் வேலை முடிந்து வந்ததும் கால்சட்டையை மடித்துக்கொண்டு மண்வெட்டியோடு இறங்குவார். லாலாங்கை மட்டும் வேரோடு எடுப்பார். மற்றதைத் தொடமாட்டார். மழை குறைகிற மாதத்தில் விதை உதிர்ந்து முடிந்த பகுதியை மட்டும் பாராங் கத்தியால் அறுத்து, அறுத்ததை வாரி அப்புறப்படுத்துவார். அப்படியே போட்டால் மண்ணுக்கு உரமாகி முரட்டுப் புல் மட்டும் மிஞ்சும் என்பார். ஆக, சோம்பேறித்தனத்தால் அவர் புல்லை விட்டுவிட்டார் என்று பேசியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முன்பு ஒரு கும்பல் செய்த வேலையைவிட அதிக வேலையை அந்த ஒரு மனிதர் அங்கே செய்தார்.

இரண்டாவது வருடம் அது பூத்தது. ஊதாப் பூவோடு செண்டுடுக், இளஞ்சிவப்புப் பந்துகளாகத் தொட்டாற்சுருங்கி, கசக்கினால் நாற்றமடிக்கும் ஒரு நீலப் பூச்செடி, மஞ்சள் நடுவைச் சுற்றி வெள்ளை இதழ் வைத்த இன்னொன்று. காட்டு ஓரத்திலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த, மூங்கில் மாதிரித் தண்டுள்ள ஆர்க்கிட்டும் இருந்தது. எல்லாம் நாம் தேயிலை வரிசைகளுக்கு நடுவே நாள் முழுக்கப் பிடுங்கி எறிகிற செடிகள்தான். அவற்றுக்குப் பூ உண்டு என்று தெரியும். இவ்வளவு உயரம் போகும், ஒன்றோடொன்று சேர்ந்து காற்றில் இப்படி அசையும் என்று எனக்குத் தெரியாது. காலையில் ஆபீஸுக்குப் போகிற வழியில் நானே வண்டியை மெதுவாக்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் காளியம்மாளைத் தன்னோடு வந்து இருக்கும்படி அவர் அழைத்துவந்தார். மனைவி பத்மாவதி மாமியாருக்கு வெயில் படுகிற அறையை ஒதுக்கிக் கொடுத்தார். ஒரு காலையில் அறையில் ஆள் இல்லை. தேடிக்கொண்டு வெளியே வந்தால், காளியம்மாள் சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு சரிவில் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பிடுங்கிப் போட்ட செடிகள் குவியலாக, பூவோடு கிடக்கின்றன. தர்மலிங்கம் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்திருக்கிறார்.

“நீ இப்ப தொரைப்பா,” என்றாராம் அம்மா. “தொரை வீட்டு வாசல்ல களை கிடந்தா ஊரு சிரிக்கும். விடு, மத்தியானத்துக்குள்ள முடிச்சிர்றேன்.”

அவர் அம்மாவின் கையை விட்டுவிட்டார். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அம்மா பிடுங்கப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதைப் பத்மாவதி அக்கா என் மனைவியிடம் சொல்லி அழுதார். தர்மலிங்கம் என்னிடம் இதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அன்று அவர் ஆபீஸுக்கு வரவில்லை.

லயத்தில் பேச்சு வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. பங்களா காடாகிவிட்டது, பாம்பு வருகிறது, கொசு வருகிறது என்றார்கள். கீழ் லயத்தில் ஒரு வீட்டுக்குப் பின்னால் ஒரு பாம்பை அடித்தார்கள். தேயிலைக்குள் அடிக்காத பாம்பா? ஆனால் அந்தப் பாம்பு மட்டும் பங்களாப் புல்லிலிருந்து வந்ததாக முடிவாயிற்று. மாணிக்கம் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். தர்மலிங்கம் எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார். அவர்கள் உட்காரவில்லை. பாம்பைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிய பிறகு, வந்த விஷயத்தை மாணிக்கம் சொன்னார்.

“வெள்ளக்காரன் இருந்தப்ப அந்த எடம் எப்படி இருந்துச்சு, தம்பி. நம்ம ஆளு வந்ததும் காடாயிருச்சுன்னு பேசுறாங்க. கேக்க எங்களுக்கு வெக்கமா இருக்கு.”

தர்மலிங்கம் மெதுவாகத்தான் கேட்டார்.

“வெள்ளக்காரன் இருந்தப்ப நீங்க அந்த கேட்டைத் தாண்டி உள்ள வந்திருக்கீங்களா, மாணிக்கம் அண்ணே?”

“வந்ததில்ல,” என்றார் மாணிக்கம். “ஆனா பார்க்க நல்லா இருந்துச்சு.”

மாணிக்கம் பொய் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாதது. அந்த மனிதருக்கு அது உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கிறது. அன்று அவர்கள் போன பிறகு தர்மலிங்கம் நெடுநேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் கம்பெனியோடு சண்டை வந்தபோது அவர் கலங்கி நான் பார்க்கவில்லை. அன்று கலங்கினார்.

கம்பெனிச் சண்டையும் தானாக வரவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் புகார் போயிருந்தது. யார் அனுப்பியது என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். கோலாலம்பூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி விருந்தினர்களோடு வந்து இறங்கினார். தேநீரை வெளியே பரிமாறும்படி சொன்னார். நாற்காலி போட இடமில்லை. வாசல்படியில் நின்றபடியே, ஒரு வாரத்துக்குள் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். நான் கூட இருந்தேன். தர்மலிங்கம் மரியாதை குறையாமல், தேயிலையில் எந்தக் குறை இருந்தாலும் தன்னைக் கேட்கலாம், இந்தச் சரிவில் தான் இருக்கும்வரை மெஷின் ஏறாது என்றார். அதிகாரி சிரித்தார். விருந்தினர்களில் ஒருத்தி செண்டுடுக் பூவைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் எங்கள் கொழுந்துக்கு எந்தக் குறையும் இல்லை. இருந்தும் மேனேஜர் பதவி வெளி ஆளுக்குப் போனது. தர்மலிங்கத்தைக் கீழ்நாட்டில் ஒரு எண்ணெய்ப்பனை எஸ்டேட்டுக்கு, பழைய பதவியிலேயே மாற்றினார்கள். தேயிலையில் பிறந்து தேயிலையில் வளர்ந்த மனிதரைப் பனையைப் பார்க்க அனுப்பினார்கள்.

அவர் கிளம்பிய காலையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சாமான் லோரி இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தது. புது மேனேஜர் அவர் போகும்வரைகூடக் காத்திருக்கவில்லை. கீழ்க்கோடியிலிருந்து மெஷினை ஏற்றினார்கள். செண்டுடுக் தண்டு மெஷினுக்கு அடங்கவில்லை, பாராங்கோடு ஆட்களை இறக்கினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் கேட்டருகே நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தர்மலிங்கம் ஒவ்வொருவராகக் கைகொடுத்து விடைபெற்றுக்கொண்டு காரில் ஏறினார். முன்சீட்டில் இருந்த காளியம்மாள் கண்ணாடி வழியாகச் சரிவைப் பார்த்துவிட்டு, “இப்பதாம்பா கண்ணுக்கு நல்லா இருக்கு,” என்றார். பல வருடங்கள் கழித்து இதைத் தர்மலிங்கமே எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு அவரும் பத்மாவதி அக்காவும் மலைக்கே திரும்பி வந்து கம்போங் ராஜாவில் ஒரு சிறிய வீட்டில் குடியிருந்தார்கள். காளியம்மாள் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டுக்கு முன்னால் சிமெண்டுத் தரை. செடி வைக்க இடமில்லையே என்று நான் கேட்டபோது, “போதும் லா,” என்றார். அவ்வளவுதான்.

இதற்குள் பங்களாவை விடுதி நடத்துகிறவர்கள் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அவர்கள் அந்தப் புல்தரையைக் கொத்திவிட்டு, வெளிநாட்டிலிருந்து விதை தருவித்துத் தூவி, ‘காட்டுப்பூ மைதானம்’ என்று பெயர் வைத்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். கல்யாண ஜோடிகள் படமெடுக்க வந்தார்கள். தீபாவளிக்கு நம் பிள்ளைகள் புதுச்சட்டையோடு அங்கே நின்று எடுத்த படங்கள் இதே குழுவில் வந்து குவிந்தன. அதில் மாணிக்கத்தின் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். யாரும் காடு என்று சொல்லவில்லை. பாம்பு என்று சொல்லவில்லை. கோலாலம்பூரில் யாரோ ஒருவர் வரைபடம் போட்டுக் கொடுத்த பிறகு அது அழகாகிவிட்டது.

ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று அவர்தான் என்னைக் கூப்பிட்டார். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. போனோம். பாதையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தது. பூக்கள் நன்றாகவே இருந்தன, அதை மறுக்கமாட்டேன். வரிசையாக, ஒரே உயரத்தில், ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிறம். பாதி தூரம் போனதும் அவர் குனிந்தார். பாத்திக்குள்ளே ஓர் ஓரத்தில் அந்த நீலப் பூச்செடி ஒன்று தப்பிப் பிழைத்து நின்றது. கயிற்றைத் தாண்டி உள்ளே கால் வைத்து அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். காவலாளி விசில் அடித்தார். விடுதி மேனேஜர் விரைந்து வந்தார். கோலாலம்பூர்த் தமிழ்ப் பையன், மரியாதை தெரிந்தவன்தான்.

“அங்கிள், பாதையை விட்டு இறங்கக் கூடாது. அது களை அங்கிள். அதெல்லாம் நாங்க புடுங்கிடுவோம்.”

“யாரு புடுங்குறது?” என்று கேட்டார் தர்மலிங்கம்.

பையன் கீழ்ப்பக்கம் கைகாட்டினான். அங்கே இந்தோனேசியப் பெண்கள் சிலர் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பூக்களுக்கு நடுவே மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுந்து அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார், நகரவில்லை. பின்னால் படமெடுக்கிறவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பையன் அவருடைய முழங்கையைப் பிடித்து, வழிகாட்டுகிற மாதிரி, வாசல்வரைக்கும் நடத்திக்கொண்டுவந்து விட்டான். இவர் யார் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் கண்ணாலேயே தடுத்துவிட்டார். காரில் ஏறிய பிறகு ஒரே ஒரு வார்த்தைதான்.

“ஆளுதான் மாறியிருக்கு கிராணி. மண்டி போடுறது மாறல.”

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் போகவே இல்லை. நுரையீரலில் நோய் வந்தது, ஈப்போவுக்கும் கம்போங் ராஜாவுக்குமாக அலைந்தார்கள், ஒரு விடிகாலையில் முடிந்துவிட்டது.

சாவுக்கு நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். மாணிக்கம் வயதான காலத்தில், இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, வந்து மாலை போட்டார். தர்மலிங்கம் தம்பிதான் அன்றைக்கே இந்த மலையில் பூந்தோட்டம் போட்டவர் என்று பேசினார். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாவு வீட்டில் வேறென்ன செய்வது?

கருமாதி அன்று விடுதி மேனேஜர் வந்தார், அதே பையன். குழுவில் சுற்றிய அந்தப் படத்தைப் பார்த்துதான் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தான் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்ட அங்கிள் இவர்தான் என்று அவர் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. மைதானத்துக்கு ‘தர்மலிங்கம் மலர்வெளி’ என்று பெயர் வைத்து, வாசலில் பலகை நட்டு, திறப்புவிழாவுக்கு அக்காவை அழைக்கலாம் என்று விடுதி முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். கூடத்தில் இருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். சிலர் அக்காவின் தோளைத் தொட்டுச் சரி சொல்லச் சொன்னார்கள். பத்மாவதி அக்கா அவரை உட்காரவைத்து, சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, பிறகு பதில் சொன்னார்.

“அவரு பேருல ஒண்ணும் செய்யாதீங்க தம்பி. அவரு கேட்டதும் அது ஒண்ணுதான். ஒண்ணும் செய்யாம விடுங்கன்னுதான் கேட்டாரு.”

பலகையை எப்படியும் நட்டுவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். விழாவுக்கு நீங்கள் போவீர்கள். போங்கள். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அங்கே இருக்காது. அது ஒரு மத்தியானம்.

பூத்த அந்த இரண்டாவது வருடம். ஆபீஸில் அவசரமாக ஒரு கையெழுத்து தேவைப்பட்டது. தாள்களை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். சார் வெளியே இருக்கிறார் என்றார்கள். சரிவில் யாரும் தெரியவில்லை. கூப்பிட்டேன். செடிகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. விலக்கிக்கொண்டு போனால், மனிதர் ஆபீஸ் சட்டையோடு, நீளக் காலுறையோடு, மல்லாந்து படுத்திருக்கிறார். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. வந்து இப்படிப் படுங்கள் என்றார். சட்டை நனைந்துவிடும் என்றேன். காய்ந்துவிடும் என்றார். சின்ன துரை சொன்ன பிறகு என்ன செய்வது, தாள்களை நெஞ்சில் வைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்தேன். தண்டுகளும் பூக்களும் எங்களுக்கு மேலே எழுந்து நின்றன. அவற்றுக்கு மேல் வெள்ளையாகப் பனி நகர்ந்துகொண்டிருந்தது. முதுகில் ஈரம் ஏறியது.

“தலையத் திருப்பிப் பாருங்க கிராணி,” என்றார். “இங்கேருந்து பங்களா தெரியல.”

பார்த்தேன். தெரியவில்லை. அவர் தலையை மறுபக்கம் திருப்பினார்.

“லயமும் தெரியல,” என்றார்.